கமா விட்ட கல்யாணம்

பைத்தான் படிக்க வருகிற பிள்ளைகள் சிவப்பு எழுத்தைக் கண்டுதான் பயப்படுகிறார்கள். 'இன்டெக்ஸ் எரர்' என்று திரையில் வந்தால் முகமே வெளிறிவிடும். பாவம், அந்த எரர் நல்லவன். தப்பு இந்த வரியில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நின்றுவிடுவான். குடியைக் கெடுப்பவை வாயே திறக்காத தப்புகள்.

என் அக்கா மகன் கல்லூரியில் பைத்தான் படிக்கிறான். சின்ன அக்காள் கல்யாணப் பத்திரிகை உறையில் ஒட்டும் லேபிளைத் தானே அச்சிட்டுத் தருவதாகக் கிளம்பினான். பெரியவள் கல்யாணத்து மொய் நோட்டைப் பார்த்துப் பெயர்களை ஒரு லிஸ்டாக அடித்தான். அதன் மேல் ஒரு ஃபார் லூப். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் 'அவர்கள்' சேர்த்து அச்சிட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதல் பெயரே காணோம். பைத்தான் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும். இவன் ரேஞ்ச், லென் போட்டு ஒன்றிலிருந்து ஆரம்பித்திருந்தான். மொய் நோட்டில் முதல் பெயர் தாய்மாமன், அதாவது நான். "ரேஞ்ச், லென் எல்லாம் எதுக்குடா, லிஸ்டை அப்படியே லூப்புல குடு" என்று நான் சொன்னதில் கொஞ்சம் சுயநலமும் உண்டு.

அடுத்தது கமா. மதுரைச் சித்தப்பாவுக்கும் தேனிப் பெரியப்பாவுக்கும் நடுவே போடாமல் விட்டிருந்தான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஸ்ட்ரிங் கமா இல்லாமல் நின்றால் பைத்தான் பேசாமல் ஒட்டிவிடும். 'மதுரைச் சித்தப்பாதேனிப் பெரியப்பா அவர்கள்' என்று ஒரே லேபிள் வந்தது. கிணற்றுத் தகராறில் முகம் பார்த்துப் பேசாத இருவரையும் ஒரே உறையில் சேர்த்துவைத்தாயிற்று. பஞ்சாயத்தால்கூட முடியாத காரியம். நீளமான வாக்கியத்தை உடைத்து எழுத வசதி என்று சி மொழியிலிருந்து வந்த வழக்கம் இது. பைத்தானைப் படைத்த கைடோ வான் ரோசமே 2013இல் இதை எடுத்துவிடலாமா என்று கேட்டுப் பார்த்தார். எடுக்கவில்லை.

நோட்டில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் என் அக்கா 'காலமானார்' என்று குறித்திருந்தாள்; அதுவும் லிஸ்டில் ஏறியிருந்தது. லூப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த வரிகளை ரிமூவ் செய்தான் பையன். பந்தியில் ஒருவர் எழுந்து போனதும் அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் ஆளுக்கு ஓர் இலை முன்னே நகர்ந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? சாம்பார் வாளிக்காரர் அடுத்த இலைக்குப் போய்விடுவார். காலி இலைக்கு நகர்ந்து வந்தவர் வெறும் சோற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதேதான் நடந்தது. காலமானவர்கள் இருவர் அடுத்தடுத்து இருந்த இடத்தில் லூப் இரண்டாமவரைத் தாண்டிப் போய்விட்டது. 'தலையாரித் தாத்தா காலமானார் அவர்கள்' என்று மரியாதையாக ஒரு லேபிள். ஓடுகிற லிஸ்டில் கைவைக்காமல், வேண்டியவர்களை மட்டும் புது லிஸ்டில் சேர்க்கச் சொன்னேன்.

அதற்குள் அக்காவுக்குத் தன் தோழி செல்வி ஞாபகத்துக்கு வந்தாள். அப்பெண்ட் என்று போட்டிருந்தால் முழுசாக வந்திருப்பாள். இவன் லிஸ்டோடு ப்ளஸ் ஈக்குவல் போட்டுச் சேர்த்தான். அப்படிச் சேர்த்தால் ஸ்ட்ரிங் துண்டு துண்டாகத்தான் உள்ளே போகும். நமக்கு செல்வி மூன்றெழுத்து. யூனிகோடு கணக்கில் ஆறு. ச, ஒற்றைக் கொம்பு, ல, புள்ளி, வ, மேல்விலங்கு. நம் 247 எழுத்துக்கும் அங்கே தனித்தனி இடம் கிடையாது. அகரம் ஏறியவை தவிர மற்ற உயிர்மெய் என்றால் எழுத்து ஒன்று, குறி ஒன்று. ஆறு லேபிள் வந்தது. புள்ளியும் 'அவர்கள்' என்பதும் மட்டும் இருந்த ஒன்றைத் தூக்கிப் பிடித்து அக்கா கேட்டாள், "இது எந்த வீட்டுக்குடா?"

எல்லாம் சரிசெய்த பிறகு, பெயர்களுக்கு முன்னால் 'உயர்திரு' போட்டால் நன்றாக இருக்குமே என்றாள் அக்கா. அதற்குத் தனி லூப் ஒன்று எழுதினான். உள்ளே ஒரே வரி: பெயர் என்றால் இனி உயர்திருவும் பெயரும். லூப்புக்குள் வருகிற பெயரை மாற்றினால் லிஸ்டில் உள்ளது மாறாது என்று நான் வாயெடுப்பதற்குள் ஓட்டியும் விட்டான்.

"ஓடிருச்சு மாமா, ஒரு எரர்கூட வரலை!"