ஷோ ரன்னும் ஏழு வழுவும்

சிஸ்கோ ரௌட்டரிடம் ‘ஷோ ரன்னிங்-கான்ஃபிக்’ என்று கேட்டால், தன் வயிற்றுக்குள் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பை அது வரிவரியாகக் கொட்ட வேண்டும். பேச்சு அப்படித்தான். கொட்டாமல், தட்டிய சொல்லின் காலடியில் ^ என்று ஒரு தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, ‘இந்தக் குறி இருக்குமிடத்தில் செல்லாத உள்ளீடு’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சொன்னால், உலகத்தில் யாராக இருந்தாலும் முதலில் ஸ்பெல்லிங்கைத்தான் பார்ப்பார்கள். சங்கரன்கோவிலில் கேபிள் இணைப்போடு இணையமும் கொடுக்கிற கடையில் உட்கார்ந்திருக்கும் பையன் கூடுதலாக ஒன்று செய்வான்: தன் ஆங்கிலத்தைச் சந்தேகப்படுவான். அதே கட்டளையை ஒவ்வோர் எழுத்தாக, பரீட்சைத் தாளில் பதிவெண் எழுதுகிற பயபக்தியோடு மறுபடி தட்டுவான். அதே தொப்பி, அதே இடத்தில். என் கட்சி இதுதான்: பெரும்பாலும் அவன் எழுத்தில் ஒரு குறையும் இருக்காது. வண்டி எங்கே நின்றது என்று மட்டுமே அந்தத் தொப்பி சொல்கிறது. ஏன் நின்றது என்று சொல்வதில்லை. அதைக் கண்டுபிடிக்க, 10ஆம் வகுப்பில் மனப்பாடம் செய்து பரீட்சை முடிந்ததும் மறந்துபோன தமிழ் இலக்கணமே அவனுக்குப் போதும்.

திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று வழு ஏழு வகை. நம் ஆட்கள் தவறு செய்வதில் எத்தனை தினுசு உண்டு என்று உட்கார்ந்து யோசித்து, தனித்தனியாகப் பெயர் வைத்துப் பிரித்திருக்கிறார்கள். சிஸ்கோவிடம் அவ்வளவு பொறுமை இல்லை. அதன் வழக்கமான புகார்கள் மூன்றுதான்: செல்லாதது, முடியாதது, எதைச் சொல்கிறாய் என்று தெரியாதது. இவற்றில் ‘முடியாதது’ நாணயமான புகார். ‘ஷோ ஐபி’ என்று பாதியில் நிறுத்தினால், கட்டளை முழுமையாக இல்லை என்கிறது. வினையெச்சத்தைச் சொல்லிவிட்டு முற்றைச் சொல்லாமல் உட்கார்ந்த மாணவனிடம் தமிழாசிரியர் கேட்பதும் அதையேதான். சிக்கல் எல்லாம் அந்த முதல் புகாரில் இருக்கிறது. எழுத்துப் பிழை, இடப் பிழை, மரபுப் பிழை எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டி, ‘செல்லாத உள்ளீடு’ என்று மேலே சீட்டு ஒட்டிவிடுகிறது.

இதில் இடவழுதான் ஆளைக் கொல்வது. இலக்கணத்தில் இடம் என்றால் ஊரும் தெருவும் அல்ல. தன்மை, முன்னிலை, படர்க்கை, அதாவது யார் யாரிடம் எந்த நிலையில் நின்று பேசுகிறார் என்பது. ரௌட்டருக்கும் அதேதான். திரையில் பெயருக்குப் பக்கத்தில் > இருந்தால் பேசுபவர் சாதாரணப் பயனர். ‘எனேபிள்’ என்று தட்டிக் கடவுச்சொல்லும் கொடுத்தால் # வரும். இப்போது அவர் அதிகாரி. > நிலையில் நின்று ‘ஷோ ரன்’ கேட்டால், ‘ஷோ’வை ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டு அடுத்த சொல்லின் கீழே தொப்பி விழும். சொல் சரி, எழுத்து சரி, கேட்டவர் நின்ற மண்டபம் சரியில்லை. இன்னும் வேடிக்கை, அதிகாரம் கூடினாலும் இதே கதி. #-இல் இருந்தவர் அமைப்பை மாற்றும் நிலைக்குள் ஒரு படி போய் அங்கிருந்து ‘ஷோ ரன்’ கேட்டால் மறுபடி தொப்பி. அங்கே ‘டூ ஷோ ரன்’ என்று முன்னால் ஒரு ‘செய்’ சேர்த்துக் கேட்க வேண்டும். கோபுர வாசலில் நின்றால் சுவாமி தெரியவில்லை என்பது நியாயம். கருவறைக்குள் நிற்பவரையும் ‘நீங்கள் யாரைத் தேடுகிறீர்கள்?’ என்று கேட்டால் எப்படி? அதிகாரத்திலும் 0 முதல் 15 வரை படிகள் உண்டு. நடுவில் ஒரு படியில் இருப்பவருக்கு ‘ஷோ ரன்’ பார்க்கலாம் என்று தனியாக அனுமதி கொடுத்துப் பாருங்கள். பிழைச் செய்தி வராது. ஆனால் அவர் எவற்றை மாற்றலாமோ அந்த வரிகளை மட்டும் காட்டும். மாற்ற ஒன்றும் இல்லாதவருக்குப் பெரும்பாலும் வெற்றுத் திரை. நடை திறந்திருக்கிறது, திரை போட்டிருக்கிறது. இது விடை வழு என்றே நினைக்கிறேன்.

உடனே ஒருவர் எழுந்து சொல்வார்: ‘பாதுகாப்புக்காகத்தான் ஐயா அப்படி. இப்படி ஓர் அறை இருக்கிறது என்பதையே வெளியாளுக்குக் காட்டக்கூடாது.’ கடவுச்சொல் தவறும்போது பெயரில் தவறா, சொல்லில் தவறா என்று சொல்லாமல் விடுவது அந்த வகைப் பாதுகாப்புதான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘ஷோ ரன்’ இருப்பது யாருக்கு ரகசியம்? நெட்வொர்க் படிப்பின் முதல் வாரத்துப் பாடம் அது. லினக்ஸ் இந்த விஷயத்தில் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடும்: அனுமதி இல்லை, அவ்வளவுதான். தாலுகா ஆபீசில் ‘இந்த விண்ணப்பத்தை வாங்க எனக்கு அதிகாரம் இல்லை, மாடிக்குப் போங்கள்’ என்பவருக்கும், ‘அப்படி ஒரு விண்ணப்பமே கிடையாதே’ என்பவருக்கும் உள்ள வித்தியாசம் அது. ரௌட்டர் சார்பில் ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். அது பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியே ஒரு சொல்மரம் வைத்திருக்கிறது. வந்த சொற்களை அந்த மரத்தின் கிளைகளோடு ஒப்பிட்டுக்கொண்டே போகிறது. கிளை முடிந்த இடத்தில் தொப்பியை வைக்கிறது. > நிலையின் மரத்தில் அந்தக் கிளையே இல்லை. எனவே ‘இல்லை’ என்று சொன்னவர் உண்மையிலேயே தெரியாமல்தான் சொன்னார். தாலுகா ஆபீஸ்காரருக்கும் இந்தச் சலுகையைக் கொடுக்கலாமா என்பது வேறு வழக்கு.

‘எந்திரத்துக்குப் போய் நன்னூலா?’ என்று கேட்பவர்கள், அது வழுவமைதியும் அறிந்தது என்பதைக் கவனிக்கவில்லை. தவறுதான், ஆனாலும் காரணம் இருப்பதால் ஏற்கலாம் என்பது வழுவமைதி. ‘ஷோ ரன்னிங்-கான்ஃபிக்’ என்ற நீளத்தை ‘ஷோ ரன்’ என்று வெட்டினாலும் சிஸ்கோ ஏற்றுக்கொள்ளும். வெட்டிய துண்டு வேறு எதையும் குறிக்காமல் இருந்தால் போதும். சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் ‘புளிய’ என்று தொடங்கி மிச்சத்தை விழுங்கியவரைப் பக்கத்திலிருக்கும் புளியங்குடிக்கான பேருந்தில்தான் ஏற்றிவிடுவார்கள். கேரள எல்லையில் கிடக்கும் புளியரைக்கு அல்ல. ரௌட்டருக்கு அந்த ஊர்ஞானம் இல்லை. இரண்டு ஊர் இருக்கிறது, எது என்று சொல், இல்லாவிட்டால் இறங்கு. அதுதான் மூன்றாவது புகார். அந்த இடத்தில் ஒரு ? போட்டால் எந்தெந்த ஊருக்கு வண்டி உண்டு என்று பட்டியலே தரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் நிஜமான எழுத்துப் பிழை வரும்போது இது அடிக்கிற கூத்தைச் சொல்லி மாளாது. ‘எனேபிள்’ என்பதை எழுத்து மாறி ‘எனேல்பி’ என்று ஒற்றைச் சொல்லாகத் தட்டினால், பிழை என்று நினைக்காது. எனேல்பி என்று யாரோ ஒரு கணினி இருக்கிறது, அதைத்தான் தேடுகிறார் என்று நினைக்கும். 255.255.255.255 என்ற எல்லாருக்குமான முகவரியில், தெருவுக்கே கேட்கும் குரலில் ‘இங்கே எனேல்பி யார்?’ என்று கூவும். யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். தட்டியவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். கடைசியில், ‘தெரியாத கட்டளை, அல்லது தெரியாத கணினி, அல்லது முகவரி கிடைக்கவில்லை’ என்று தபால்காரர் திருப்பிக் கொண்டுவந்த கடிதம் மாதிரி ஒரு பதில். அனுபவசாலிகள் புது ரௌட்டரில் முதல் வேலையாக இந்தத் தேடலை நிறுத்திவைப்பது இதனால்தான்.

பாக்கி இருப்பது மரபு வழு. தென்னந்தோப்பைத் தென்னந்தோட்டம் என்றால் எழுத்துப் பிழை இல்லை, பொருள் புரியாமலும் இல்லை, ஆனாலும் வழு. அப்படியே ஹுவாவே ரௌட்டரிடம் ‘ஷோ’ என்றால் செல்லாது, அங்கே ‘டிஸ்ப்ளே’. லாட்வியாவின் மைக்ரோடிக், அமைப்பைக் காட்ட ‘எக்ஸ்போர்ட்’ என்று ஏற்றுமதி செய்யச் சொல்கிறது. முகவரிகளைப் பார்க்க ‘பிரிண்ட்’, காகிதமே இல்லாமல். சிஸ்கோவில் ‘ஷோ ரன்’ என்று பழகியவர் ஜூனிப்பரின் அமைப்பு நிலைக்குள் போனால், அங்கிருந்து வெளி நிலைக் கட்டளையைக் கேட்க ‘ரன் ஷோ’ என்று தொடங்க வேண்டும். ‘பிரியாணி ஒண்ணு கொண்டா’, ‘கொண்டா ஒண்ணு பிரியாணி’ இரண்டுக்கும் ஒரே பிரியாணி வருகிற ஊரில் வளர்ந்தவனுக்கு இது அநியாயம். காட்டு என்று சொல்ல எல்லாரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். வைத்துக்கொண்டவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். கட்டளை வடிவம் உட்படத் தன்னுடையதை ஹுவாவே எடுத்துக்கொண்டது என்று சிஸ்கோ 2003இல் வழக்குப் போட்டது; ஹுவாவே கட்டளை வடிவத்தை மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டு, 2004இல் அது முடிந்தது. 2014 டிசம்பரில் அரிஸ்டா நிறுவனத்தின் மேல் வழக்கு. 500க்கும் மேற்பட்ட கட்டளைத் தொடர்கள் காப்பி என்று. 2016 டிசம்பரில் சான் ஹோசே நடுவர் குழு, இவையெல்லாம் இந்தத் துறையில் எழுதுகிற எவர் கையிலும் தானாக வந்து விழுகிற சொல்வழக்குகள் என்ற வாதத்தை ஏற்றது. நம் மொழியில் மரபு என்று சொல்வதைத்தான் அமெரிக்க நீதிமன்றமும் சொன்னது. ஆனாலும் காப்புரிமைத் தகராறுகளையும் சேர்த்து 2018இல் அரிஸ்டா 40 கோடி டாலர் கொடுத்துத்தான் சமாதானம் ஆனது. சங்கரன்கோவில் தலக்கதையில், சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று சங்கனும் பதுமனும் அடித்துக்கொண்ட சண்டை, கோமதி அம்மன் தவமிருந்து பாதி பாதியாக ஓர் உருவம் வந்ததும் செலவில்லாமல் தீர்ந்தது. இரண்டும் நாகங்கள், வக்கீல் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

‘இந்தக் காலத்தில் யார் கட்டளை தட்டுகிறார்கள், அதற்கெல்லாம் மென்பொருள் இருக்கிறதே’ என்பது கடைசி ஆட்சேபம். இருக்கிறது, அதுவும் சங்கரன்கோவில் இருக்கும் இதே மாவட்டத்தோடு உறவு உள்ளது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ, 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியதே நெட்வொர்க் மேலாண்மைக்காகத்தான். நூற்றுக்கணக்கான ரௌட்டர்களின் அமைப்பை எடுத்துப் பத்திரப்படுத்தும் மென்பொருளை இன்றும் அதன் மேனேஜ்இன்ஜின் பிரிவு விற்கிறது. ஆனால் அந்த மென்பொருள் என்ன செய்யும்? ஒவ்வொரு ரௌட்டருக்குள்ளும் போய், அது எந்த நிறுவனத்துச் சரக்கு என்று பார்த்து, அந்தந்த மரபுப்படி ‘ஷோ’ என்றோ ‘டிஸ்ப்ளே’ என்றோ தட்டும். எனேபிள் கடவுச்சொல்லை அதற்குச் சொல்லாமல் விட்டால் அதற்கும் அதே தொப்பிதான். வித்தியாசம், அது தன் ஆங்கிலத்தைச் சந்தேகப்படாது.

ஒருவழியாக # வந்து, ‘ஷோ ரன்’ கொட்டி, வேண்டியதை மாற்றியும் ஆயிற்று என்று வையுங்கள். இன்னும் ஒன்று பாக்கி. ஓடுகிற அமைப்பு வேறு, கரண்ட் போய் வந்தால் எழுந்திருக்கிற அமைப்பு வேறு. சேமிக்காவிட்டால் ‘ஷோ ஸ்டார்ட்’ பழையதையே காட்டும். 2019 நவம்பர் 22 முதல் சங்கரன்கோவில் தென்காசி மாவட்டம். கடைவீதியில் சில பழைய பெயர்ப்பலகைகளை அண்ணாந்து பார்த்தால், யாரோ சேமிக்க மறந்திருக்கிறார்கள்.