சங்கமம் போய் வந்தவர்

பெங்களூரில் ஆறு இல்லை. ஊர்க்காரர்கள் இதைப் பெரிய குறையாக நினைப்பதில்லை. மற்ற குறைகளைப் பேசவே நேரம் போதவில்லை. ஊர் உட்கார்ந்திருப்பது ஒரு மேட்டின் முதுகில். மேற்குச் சரிவில் பெய்யும் மழை விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போய்ப் பூம்புகாரில் கடலைச் சேரவேண்டியது. கிழக்குச் சரிவில் பெய்வது தென்பெண்ணையில் இறங்கிக் கடலூருக்குப் போகவேண்டியது. மழைக்கே தங்க விருப்பமில்லாத இந்த ஊரில்தான் 'ஆற்றங்கரை சைக்கிள்காரர்' என்றொரு இனம் தழைத்து வளர்ந்திருக்கிறது.

அடையாளம் சொல்கிறேன். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். மென்பொருள் கம்பெனியில் 'டைரக்டர்' என்று முடியும் ஏதோ ஒரு பதவி. குடியிருப்பது ராஜராஜேஸ்வரி நகர்ப் பக்கம் ஓர் அடுக்குமாடியில். சொந்த ஊர் முசிறி, குளித்தலை, திருவையாறு என்று காவிரிக் கரையில் ஏதாவது ஒன்று. அங்கே சின்ன வயதில் வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டு முட்டியைப் பெயர்த்துக்கொண்டவர், அப்புறம் இருபது வருஷம் சைக்கிள் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. திடீரென்று ஒரு நாள் ரத்தப் பரிசோதனை அறிக்கையில், கொழுப்புக்கு எதிரே நட்சத்திரக் குறி விழுந்தது. அடுத்த மாதமே கார்பன் சைக்கிள் வீட்டுக்கு வந்துவிட்டது. மாமியார் ஊரிலிருந்து வந்தால் அவருக்கு ஹாலில்தான் படுக்கை. சைக்கிளுக்குப் படுக்கையறை.

விலை இரண்டு லட்சத்துக்கு மேல். முசிறியில் இருக்கும் அப்பாவிடம் அதில் பத்தில் ஒரு பங்கைத்தான் சொன்னார். அதற்கே இந்தக் கதி:

"இருபதாயிரமா! கேரியர், ஸ்டாண்டு எல்லாம் சேத்தாடா?"

"ஸ்டாண்டு கிடையாதுப்பா."

"கேரியரு?"

"அதுவும் கிடையாதுப்பா. வெயிட்டு கூடிடும்."

"மட்கார்டு?"

"..."

"மணியாவது குடுத்தானா?"

"இல்லப்பா."

"உன்ன நல்லா ஏமாத்திட்டானுங்கடா தம்பி."

பெங்களூர் சைக்கிள்காரர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒன்று மலைக்கட்சி. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் 1,478 மீட்டர் உயர நந்தி மலையை நோக்கிக் கிளம்பிவிடுவார்கள். ஊரில் சைக்கிள் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் இந்தக் கட்சிதான். நம்மாள் ஆற்றுக்கட்சி. சிறுபான்மை, அதனால் கொள்கைப் பிடிப்பு அதிகம்.

"மலைங்கறது சுலபம் சார்" என்பார். "தெம்பு இருக்கறப்ப ஏறுறீங்க, களைச்சப்புறம் எறங்குறீங்க. ஆறு அப்படியில்ல."

உண்மையில் அவர் பேச்சில் விஷயம் இருக்கிறது. பெங்களூர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே. காவிரியோடு அர்க்காவதி கலக்கும் சங்கமம் அதில் பாதி உயரம்கூட இல்லை. கனகபுரா சாலையில் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். காலையில் குளிர்ந்த காற்றில் இறங்கிப் போவதென்னவோ சுகம்தான். கடைசியில் காட்டுக்குள் ஒரு மலைப்பாதை, ஆற்றில் கொண்டுபோய் விடும். திரும்பும்போதுதான் கணக்கு வழக்கு. உச்சி வெயிலில், செத்த காலோடு, இறங்கினதையெல்லாம் வட்டியும் முதலுமாக ஏறிக் கட்டவேண்டும். சங்கமத்தை அடுத்த மேகதாது என்றால் தமிழ்நாட்டில் அணைப் பிரச்சினை, கர்நாடகத்தில் குடிநீர்ப் பிரச்சினை. நம்மாளுக்கு மட்டும் அது கியர் பிரச்சினை.

கம்பெனி வேலையாக ஐரோப்பா போனபோது டான்யூப் நதிக்கரையில் பாசாவிலிருந்து வியன்னாவரை, முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல், சைக்கிளுக்கென்றே போட்டிருக்கும் பாதையைப் பார்த்துவிட்டு வந்தார். பாட்டிமார்கள் கூடையில் நாய்க்குட்டியை வைத்துக்கொண்டு ஓட்டிப் போகிறார்களாம். அந்த வேகத்தில் நம் ஊரிலும் ஆற்றோரம் போவோம் என்று, வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓடும் விருஷபாவதியைத் தேர்ந்தெடுத்தார். பசவனகுடியில் நந்தியின் காலடியில் பிறக்கும் புண்ணிய நதி என்று ஐதீகம். கெங்கேரி வரும்போது அது ஊர்ச் சாக்கடை. ஒரு கை மூக்கில், ஒரு கை பிரேக்கில் என்று நாலு கிலோமீட்டர் போனவர், அதற்குப் பிறகு டான்யூபைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

அவரை நேரில் தரிசிக்க வேண்டுமானால் காலை ஏழு மணி வாக்கில் கனகபுரா சாலையோரத் தர்ஷினி ஓட்டல் எதிலாவது போய் நில்லுங்கள். முதலில் சத்தம் வரும். டக், டக், டக். பெடலில் மாட்டிக்கொள்ள ஷூவின் அடியில் க்ளீட் என்றொரு கட்டை உண்டு. அதனால் பாதம் தரையில் சமமாகப் படியாது. ஓட்டும்போது சிறுத்தையாக இருப்பவர், இறங்கி நடந்தால் முட்டையிட இடம் தேடும் வாத்து. ஈரமான டைல்ஸ் தரையில், லைக்ரா உடையில், ஒரு கையில் டோக்கன், மறு கையில் இட்லித் தட்டோடு அவர் நடந்து வருவதைப் பார்க்கக் கடைப்பையன்களெல்லாம் வேலையை நிறுத்திவிடுவார்கள். கடைக்குள் குடும்பத்தோடு சாப்பிட வந்த பெரியவர் ஒருவர் தட்டைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார். லைக்ரா அப்படி.

சாப்பிடும்போது அவர் இட்லியைப் பார்ப்பதில்லை. கண் முழுக்க வெளியே சுவரில் சாய்த்திருக்கும் சைக்கிளின் மேல். பூட்டலாமே என்றால், பூட்டு அரைக் கிலோ எடை. 'அந்த அரைக் கிலோ என்னைப் பின்னுக்கு இழுத்துடும் சார்' என்று சொல்லிவிட்டு இரண்டாவது மசால் தோசைக்கு டோக்கன் வாங்குவார். காரணம் கேட்டால் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டுவார். இதுவரை எரித்த கலோரி அதில் ஓடிக்கொண்டிருக்கும்.

இதே சாலையில் அவருக்கு எதிரே இன்னொருவரும் இரவு பகலாக ஏறி வந்துகொண்டிருக்கிறார். காவிரிதான். 1974-இல் முதல் கட்டம் தொடங்கி, 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டம் வரை, பெங்களூரின் குடிநீர் கனகபுரா சாலையோரக் குழாய்களில்தான் வருகிறது. சுமார் 100 கிலோமீட்டர் தூரம், ஏறத்தாழ 500 மீட்டர் ஏற்றம். ஒரே மூச்சில் ஏற முடியாமல் தொரேகாடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாத்தகுணி என்று மூன்று இடத்தில் பம்ப் வைத்துத் தள்ளுகிறார்கள். மின்கட்டணத்தை நினைத்தால் குடிநீர் வாரியத்துக்குத் தூக்கம் போய்விடும். நம்மாளுக்கும் ஹாரோஹள்ளியில் ஒரு இளநீர், தாத்தகுணியில் ஒரு வாழைப்பழம் இல்லாமல் மேடு ஏறாது.

ஏறி வந்த தண்ணீர் குளியலறை வழியாக விருஷபாவதியில் விழுந்து, அர்க்காவதியில் சேர்ந்து, மறுபடி அதே சங்கமத்துக்குப் போய்விடுகிறது. முந்தின வாரம் நம்மாள் குளித்துவிட்ட தண்ணீர் இவருக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். அது அங்கிருந்து ஒகேனக்கல், மேட்டூர் தாண்டி முசிறிக்கும் போகும் என்பதை அவர் அப்பாவிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

இத்தனை பாடுபட்டுச் சங்கமம் போனவர் ஆற்றை எவ்வளவு நேரம் பார்ப்பார்? பார்ப்பதே இல்லை. முதல் வேலை சைக்கிளைப் படம் எடுப்பது. அதற்கு ஆகம விதி உண்டு. பெடல் கடிகாரத்தின் மூன்று மணி நிலையில் இருக்கவேண்டும். செயின் பெரிய பல்சக்கரத்தில் கிடக்கவேண்டும். இரண்டு டயரின் காற்றடிக்கும் வால்வும் நேர் கீழே வரவேண்டும். ஸ்டாண்டு இல்லாததால் ஒரு குச்சியை முட்டுக்கொடுத்து, அந்தக் குச்சி படத்தில் விழாமல் எடுக்கவேண்டும். இவ்வளவும் கூடி வரும்போது பின்னால் ஆறு மறைந்துவிடும். பரிசல்காரர் வந்து, "அக்கரைக்குப் போலாமா?" என்பார். அக்கரைக்குப் போய்ச் சில கிலோமீட்டர் தள்ளித்தான் மேகதாது. நம்மாள் மணிக்கட்டைப் பார்ப்பார். சராசரி வேகம் குறைந்துகொண்டிருக்கும். கிளம்பிவிடுவார்.

முசிறியிலிருந்து போன் வரும். "ஆத்தப் பாக்கவாடா அவ்வளவு தூரம் போற? நம்ம கொல்லையத் தாண்டுனா ஆறுதான. தீவாளிக்கு வந்தப்பகூட அந்தப் பக்கம் எட்டிப் பாக்கலியே நீ." ஓட்டிய தூரத்தை ஊருக்கெல்லாம் காட்டும் ஸ்ட்ராவா ஆப் அப்பாவிடம் கிடையாது, அவருக்குப் புரிய வைப்பது கஷ்டம்.

மாலை நாலு மணிக்கு, உப்புப் பூத்த முகத்தோடு அடுக்குமாடியின் வாசலுக்கு வந்து சேர்வார். மனைவி பால்கனியிலிருந்து பார்த்து, சாதத்தைச் சுடவைக்கப் போவார். நம்மாள் மேலே வரமாட்டார். மணிக்கட்டிலுள்ள கருவி 179.4 கிலோமீட்டர் காட்டும். 180 ஆகாமல் இறங்கினால் அத்தனை உழைப்பும் ஆற்றில் கரைத்த புளி. எனவே நீச்சல்குளத்தையும் குப்பைத் தொட்டிகளையும் சுற்றி வருவார். மூன்றாம் சுற்றில் காவலாளி எழுந்து நின்று, "சாவி ஏதாச்சும் விழுந்துடுச்சா சார்?" என்று அக்கறையாகத் தானும் தரையில் தேட ஆரம்பிப்பார். நாலாம் சுற்றில் கருவி 'பீப்' என்னும். ராத்திரிக்குள் ஸ்ட்ராவாவில் நாற்பது பேர் 'கூடோஸ்' என்று பாராட்டுப் போடுவார்கள்; அதில் முப்பத்தெட்டுப் பேர் தங்களுக்கும் அவர் போடவேண்டும் என்பதற்காகப் போட்டவர்கள்.

இவரைக் கேலி செய்வது சுலபம். இந்தப் பக்கம் முழுக்க நானும் அதைத்தான் செய்திருக்கிறேன். ஆனால் பல் துலக்கும்போது குழாயைத் திறந்துவிட்டு நிற்கும் மகனைப் பார்த்து, "டேய், அது 500 மீட்டர் ஏறி வந்த தண்ணிடா!" என்று குளியலறைக் கதவைத் தட்டுகிற ஆள் அந்த அடுக்குமாடியிலேயே இவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு அது பேப்பரில் படித்த எண். இவருக்கு அது தொடையில் இன்னும் வலிக்கிற எண்.

அதற்காக அவர் கூப்பிட்டதும் போய்விடாதீர்கள். 'சும்மா ஒரு ரவுண்டு' என்றால் நூறு கிலோமீட்டர். 'ஃப்ளாட் ரோடுதான்' என்றால் போகும்போது மட்டும். ஞாயிற்றுக்கிழமை கனகபுரா சாலையில் காரில் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மேட்டில் தள்ளாடிக்கொண்டு ஒருவர் ஏறி வந்தால் ஹாரன் அடிக்காமல், ஒன்றரை மீட்டர் இடம்விட்டு முந்துங்கள். அவரிடம் மணிகூட இல்லை.