இட்லி நிரபராதி

எந்த டாக்டரைக் கேட்டாலும் இட்லிக்கு நற்சான்றிதழ்தான். ஆவியில் வெந்தது, புளித்த மாவு, கைக்குழந்தைக்கும் கொடுக்கலாம், காய்ச்சல்காரருக்கும் கொடுக்கலாம். அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு நாம் செய்கிற அட்டகாசம்தான் தாங்கவில்லை.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் எடை கூடியவர்கள். இதைச் சித்தப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "எல்லாம் பீட்சா தின்ற பசங்கடா" என்றார். சொல்லும்போதே தட்டில் மிளகாய்ப்பொடியைக் குவித்து, நடுவில் விரலால் குழி பறித்து, நல்லெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். குழி நிரம்பி, கரை உடைந்து, எண்ணெய் வடை வரைக்கும் பாய்ந்தது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய்க்குச் சுமார் 120 கலோரி. சித்தப்பா கணக்கில் எண்ணெய் வராது, வடையும் வராது. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டால், "இட்லிதான் சார்."

ஜப்பானைப் பற்றிச் சொன்னேன். காலையில் சோறு, சுட்ட மீன், மிசோ சூப் என்று அளவாகச் சாப்பிடுகிற ஊர். அங்கேயே 2008 முதல் 40 முதல் 74 வயதுக்காரர்களுக்கு வருடா வருடம் இடுப்பை அளக்கிறார்கள். ஆணுக்கு 85 சென்டிமீட்டரைத் தொட்டாலே கவனிக்க வேண்டிய ஆசாமி. சித்தப்பா அதில் தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொண்டார்: "பாத்தியா, அவனும் காலையில சோறுதான்!"

"தாத்தா காலத்துச் சாப்பாடுடா இது" என்பது அவருடைய கடைசி அஸ்திரம். தாத்தா காலத்தில் பல வீடுகளில் இட்லி தீபாவளிக்குத்தான். மற்ற நாளெல்லாம் பழைய சோறு, கம்மங்கூழ், கடித்துக்கொள்ள ஒரு சின்ன வெங்காயம். குடித்த கையோடு வயலுக்கு ஓட்டம். இட்லி வேண்டுமென்றால் முதல் நாளே ஆட்டுக்கல்லோடு மல்லுக்கட்ட வேண்டும். அதுவும் பாட்டி கட்டிய மல்லு, தின்றது தாத்தா. பிறகு கோவை கிரைண்டர் வந்தது, அப்புறம் பாக்கெட் மாவு. பண்டிகைப் பலகாரம் தினப்படி ஆனது. ஆட்டுகிற வேலை போனது, வயல் வேலையும் போனது, பசி மட்டும் அப்படியே பரம்பரைச் சொத்தாக வந்து சேர்ந்தது.

கடைசியில் சித்தப்பாவே மனம் இரங்கினார். "சரி, இன்னியிலேர்ந்து ராத்திரி சோறு கிடையாது. ரெண்டு தோசை போதும்."

சித்திக்கு நம்பிக்கை வரவில்லை. "ரெண்டே ரெண்டாங்க?"

"ஆமா, ரெண்டு ரெண்டா போடு. மொத்தமா வெச்சா ஆறிடும்."