அசிங்க விருந்து

நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பெலாக்ரா என்றொரு நோய் சக்கைப்போடு போட்டது. வெயில் பட்ட இடமெல்லாம் தோல் உரியும், வயிறு கலங்கும், புத்தி பேதலிக்கும், கடைசியில் ஆளே போய்விடுவார். மருத்துவ மேதைகள் பலர் கூடி யோசித்து, இது தொற்றுநோய்தான் என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். கிருமியை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. அதெல்லாம் ஒரு குறையா?

1914-இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை டாக்டர் ஜோசப் கோல்ட்பர்கரை அங்கே அனுப்பியது. சிறுவயதில் நியூயார்க்குக்குக் குடியேறிய யூத மளிகைக்கடைக்காரரின் பிள்ளை. ஆபீஸிலிருந்து பேனா, பென்சில் எடுத்துப்போகிறவர்கள் உண்டு. இவர் அதுவரை பார்த்த வேலையில் மஞ்சள் காய்ச்சல், டெங்கு, டைபஸ் மூன்றையும் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்.

மனநலக் காப்பகம், அனாதை இல்லம் என்று சுற்றியவர், மைக்ரோஸ்கோப்பை விட்டுவிட்டுச் சாப்பாட்டுத் தட்டை எட்டிப் பார்த்தார். உள்ளே இருப்பவர்களுக்கு நோய். அவர்களைத் தொட்டுக் கவனிக்கிற ஊழியர்களுக்கு ஒன்றுமில்லை. சம்பளப் பட்டியலைப் பார்த்துவிட்டா கிருமி ஆளைப் பிடிக்கும்? ஏழைத் தட்டில் மக்காச்சோள ரொட்டி, பன்றிக் கொழுப்பு, கரும்புப் பாகு. பால், முட்டை, இறைச்சியில் நல்லதெல்லாம் ஊழியர்களுக்கு. மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் இரண்டு அனாதை இல்லங்களில் பால், முட்டை, இறைச்சி, பயறு போடச் செய்தார். நோய் மூட்டை கட்டியது.

அடுத்து தலைகீழ்ச் சோதனை. 1915-இல் ரான்கின் சிறைப் பண்ணைக் கைதிகளுக்கு, 'மக்காச்சோளமும் மாவுப் பண்டமுமாகச் சாப்பிடுங்கள், விடுதலை தருகிறேன்' என்று கவர்னர் பேரம் பேசினார். சில மாதங்களில் 11 பேரில் 6 பேருக்குப் பெலாக்ரா. மேதைகள் அசையவில்லை.

மனுஷனுக்குப் பொறுமை போயிற்று. 1916 ஏப்ரலில் நோயாளியின் ரத்தத்தைத் தன் உதவியாளர் ஜார்ஜ் வீலருக்கு ஏற்றினார். வீலர் இவருக்கு ஏற்றினார். நோயாளியின் மூக்குச்சளியைத் தங்கள் மூக்கிலேயே தடவிக்கொண்டார்கள். பிறகு பலகாரம்: நோயாளியின் தோல் செதிளையும் மலமூத்திரத்தையும் கோதுமை மாவில் பிசைந்து மாத்திரையாக உருட்டி விழுங்கினார்கள். வயிற்று அமிலம் கிருமியைக் கொன்றுவிட்டால் எதிராளிக்குச் சாக்குக் கிடைக்குமே என்று, முன்னதாகவே சமையல் சோடாவும் சாப்பிட்டார் கோல்ட்பர்கர். எதிரிக்கு இவ்வளவு உபசாரம் செய்தவர் வேறு யாரும் இருக்க முடியாது. இதற்கு 'அசிங்க விருந்து' என்றே பெயர். மனைவி மேரியும் சேர்ந்துகொண்டார். மாத்திரைக்கு அனுமதி கிடைக்காததால் ரத்த ஊசியோடு திருப்திப்பட வேண்டியிருந்தது. யாருக்கும் பெலாக்ரா வரவில்லை.

பிறகு பொருளாதார நிபுணர் சிடன்ஸ்ட்ரிக்கரோடு தென் கரோலினாவின் மில் கிராமங்களில் கணக்கெடுத்தார். வருமானம் குறையக் குறைய நோய் ஏறியது. இதுதான் பெரிய மனிதர்களைச் சுட்டது. கிருமி என்றால் கடவுள் விட்ட வழி. பட்டினி என்றால் யாராவது கூலியை உயர்த்த வேண்டிவரும். 1921-இல் ஜனாதிபதி ஹார்டிங் தெற்கின் வறுமையைப் பற்றிக் கவலைப்பட்டபோது, உதவி வேண்டாம், எங்கள் மானம் போகிறது என்று தென்னகத் தலைவர்கள் குதித்தார்கள்.

நோயைத் தடுக்கும் பொருள் நியாசின் என்று 1937-இல்தான் தெரிந்தது. கோல்ட்பர்கர் 1929-லேயே புற்றுநோயில் போய்விட்டார். ஆனால் பெயர் தெரியாமலே மருந்தைப் பிடித்திருந்தார்: பீர் காய்ச்சுகிற ஈஸ்ட். 1927 மிசிசிப்பி வெள்ளத்துக்குப் பிறகு, நாடு முழுக்க மதுவிலக்கு அமலில் இருக்க, செஞ்சிலுவைச் சங்கம் அதை டன் கணக்கில் ஜனங்களுக்கு விநியோகித்தது.