ஒழுங்கு மரியாதையாக ஓர் ஆங்கிலப் பாடம்

எங்கள் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் நேற்று போட்டது: "யூ ஹேட் பெட்டர் பே மெயின்டனன்ஸ் பை டென்த்." என்ன சார் இது என்றால், "மரியாதையாத்தானே போட்டிருக்கேன், அதான் 'பெட்டர்'னு வருதே!" என்கிறார்.

ஷுட், ஆட் டு, மஸ்ட் மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கத்தான் உட்கார்ந்தேன். வருகிறேன். அதற்குமுன் இந்த ஹேட் பெட்டரை ஒரு கை பார்த்துவிடுகிறேன்.

'ஹேட்' இறந்தகாலம். நானோ பணத்தை இன்னும் கட்டவே இல்லை. 'பெட்டர்' என்றால் எதைவிட? அதைச் சொல்லமாட்டான் வெள்ளைக்காரன். தராசில் ஒரு தட்டைக் காட்டிவிட்டு மறு தட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வான். தண்ணீர் வால்வை மூடுவார்களா, நோட்டீஸ் போர்டில் ஃபிளாட் நம்பரை எழுதி ஒட்டுவார்களா என்று நாமேதான் நடுங்கிக்கொள்ள வேண்டும். 'ஒழுங்கு மரியாதையா கட்டிடு' என்பதில் எவ்வளவு மரியாதையோ, அவ்வளவுதான் இதிலும்.

இதோடு விட்டானா? 'ஆட்'டுக்குப் பின்னால் 'டு' கட்டாயம். இதற்கு 'டு' போட்டால் குற்றம். 'நாட்' சேர்க்க வேண்டுமா, நடுவில் செருகாதே, 'பெட்டர்' தாண்டிப் போய் வை. முன்னால் 'ஹேட்' இருக்கிறதே என்று 'பெய்டு' போடாதே, வெறும் 'பே'தான். தினமும் நடப்பது நல்லது என்கிற பொதுப் புத்திமதிக்கு இது ஆகாது, அங்கே ஷுட். மழை வருகிறது, இப்போதே குடையை எடு என்றால்தான் இது. பேச்சில் 'ஹேட்' தேய்ந்து வெறும் 'ட்' ஆகிவிடும். அமெரிக்கப் படங்களில் அந்த 'ட்'டும் போய் 'யூ பெட்டர்' மட்டும் மிஞ்சும். அப்புறம் அந்த 'ஹேட்' எந்தக் காரியத்துக்கு? என் நண்பர் ஒருவர் லீவு லெட்டரை மகா பணிவோடு, 'யூ ஹேட் பெட்டர் சாங்ஷன் மை லீவ்' என்று முடித்தார். லீவு கிடைத்தது, இன்க்ரிமென்ட் கிடைக்கவில்லை.

கம்ப்யூட்டர்காரர்கள் தேவலை. இணையத் தரங்களை எழுதுகிறவர்கள் 1997-லேயே ஆர்எஃப்சி 2119 என்று ஓர் ஆவணம் போட்டுச் சண்டையை முடித்துவிட்டார்கள். மஸ்ட் என்றால் செய்தே தீரவேண்டும். ஷுட் என்றால், தக்க காரணம் இருந்தால், விளைவையும் யோசித்துவிட்டு, மீறலாம். ஹேட் பெட்டருக்கு அதில் இடமே இல்லை. 2013 ஏப்ரல் 1 அன்று, வேடிக்கைக்காக, 6919 என்று இன்னொன்றும் வெளியிட்டார்கள். கட்டாயம் செய்ய வேண்டும், ஆனால் செய்யமாட்டீர்கள் என்று எங்களுக்குத் தெரியும் என்பதற்குக்கூட அதில் தனி வகை உண்டு.

லிஃப்டைச் சரிசெய்வது பற்றி எங்கள் சங்கம் போட்ட தீர்மானங்களை எல்லாம் அந்த வகையில்தான் சேர்க்க வேண்டும். நான் இருப்பது நாலாவது மாடி.