கொடுப்பவர் கேட்கமாட்டார்!

கேள்வி: ரிசர்வ் வங்கி பெயரில் மின்னஞ்சல் வந்திருக்கிறது. லாட்டரியில் எனக்கு 5 கோடி ரூபாய் விழுந்திருக்கிறதாம். 25,000 ரூபாய் கட்டினால் அனுப்புவார்களாம். கட்டலாமா?
– வாசகர், திண்டிவனம்

பதில்: ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். வாங்காத சீட்டுக்குப் பரிசு விழாது. தமிழ்நாட்டில் லாட்டரிக்கே 2003 முதல் தடை. இப்படிக் கட்டணம் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே பலமுறை எச்சரித்திருக்கிறது. கொடுப்பவர் கேட்கமாட்டார், கேட்பவர் கொடுக்கமாட்டார். கட்டிவிட்டால் அடுத்து வரி, சுங்கம் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

ஏற்கெனவே கட்டியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை முடக்க முடியும். மின்னஞ்சலையும் பணம் கட்டிய ரசீதையும் அழிக்காமல், விழுப்புரம் சைபர் கிரைம் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். வெட்கப்பட வேண்டியது ஏமாற்றியவர். நீங்கள் தைரியமாகப் பேசுங்கள்.