டபுள் சிக்னல் அண்ணன்

காலை 7.15. கிள்ளானில் ஒரு பள்ளி வாசல். நடுச்சாலையில் மைவி கார் ஒன்று நான்கு மூலையிலும் விளக்கு மினுக்கிக்கொண்டு நிற்கிறது. உள்ளே ஆளில்லை. அண்ணன் பையனின் புத்தகப்பையைச் சுமந்து வகுப்புவரை போயிருக்கிறார்.

டபுள் சிக்னல் ஆபத்துக்கு என்றுதான் லைசென்ஸ் எடுக்கும்போது சொல்லித் தருவார்கள். அண்ணனுக்கு அது மந்திரம். பொத்தானை அமுக்கினால் கார் மாயமாகிவிடும், பின்னால் காத்திருப்பவர்களும் சேர்ந்து மாயமாகிவிடுவார்கள். ரோட்டி சானாய் கட்ட டபுள் சிக்னல். தெங்கு கிளானா சாலையில் மாலை வாங்க டபுள் சிக்னல். கோயில் வாசலில் இறங்காமலேயே கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் அதுவே. ஹார்ன் அடித்தால், “டபுள் சிக்னல் போட்டிருக்கேன்ல, கண்ணு தெரியலையா?” கண்ணாடியோரம் ‘வழி மறித்தால் அழைக்கவும்’ என்று எண் எழுதிய அட்டை வேறு. அழைத்தேன். கைப்பேசி காருக்குள்ளேயே பாடியது.

அவருக்கு வேலை பிரிக்பீல்ட்ஸில், கேஎல் சென்ட்ரலிலிருந்து பொடிநடை. கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினால் மாறாமல் போய் இறங்கலாம். போகமாட்டார். 2018 ஜனவரியில் வழியிலிருந்த பத்து தீகா, சுங்கை ராசாவ் டோல்களை எடுத்தது தனக்காகத்தான் என்பதுபோல், “அதான் டோல் இல்லையே தம்பி!” என்பார். மாதம் 50 வெள்ளி பாஸைப் பற்றிச் சொன்னேன். “அதுல எல்ஆர்டி, எம்ஆர்டி, பஸ்ஸுதான். கொமுட்டர் சேராது. கிள்ளான்காரன் என்ன பண்றது?” நியாயம்தான். வாயை மூடிக்கொண்டேன். அவர் அதோடு விட்டிருக்கலாம், விடவில்லை: “ரயிலை நடுவுல நிறுத்தி ஒரு தே தாரிக் குடிக்க முடியுமாலா?”

கெட்டவர் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரைச் சல்லிக்காசு வாங்காமல் ஏற்றி வருகிறார். ஆனால் அவர் நிறுத்துகிற இடம்தான் ஸ்கூல் வேன் திரும்புகிற இடம். வேன் உள்ளே வரமுடியாது. ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் சாலையில் இறங்கி, மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே நடக்க வேண்டும். இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

போன வாரம் கொட்டுகிற மழை. வேன் வெளியிலேயே நின்றுவிட்டது. கறுப்புக் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப்பெண் இறங்கத் தயங்கினாள். அண்ணன்தான் குடையோடு ஓடினார். அவளை இடுப்பில் தூக்கி, மற்றவர்களை இரண்டிரண்டாகக் குடைக்குள் அணைத்து, மூன்று நடை நடந்தார். மைவி மினுக்கிக்கொண்டே நின்றது.

சொட்டச் சொட்ட என் கார் கண்ணாடியைத் தட்டினார். “பாவம் தம்பி பிள்ளைங்க. இந்த வேன்காரன் கொஞ்சம் உள்ள வந்து எறக்கி விட்டா என்னவாம்?”